பல்கலைக்கழக அனுமதி: ஓர் எண்ணும் அதற்கு அப்பாலும்

ஹரிஸ் பார்க்கிலும் அதன் அயலிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரில் பெரும்பாலோர் பல்கலைக்கழக அனுமதியைத் தாம் பிறந்த நாட்டின் நடைமுறையைக் கொண்டே விளங்கிக்கொள்கின்றனர். இலங்கையிலிருந்து வந்தோருக்கு அது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் ஆகும். தமிழகத்திலிருந்து வந்தோருக்கோ பொறியியலுக்கு 200க்குக் கணிக்கப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும், மருத்துவத்துக்கு நீட் தேர்வும் ஆகும். இரண்டிலும் பெரும்பாலும் ஓர் எண்ணே மாணவரின் கதியைத் தீர்மானிக்கிறது. விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் எண்ணுக்குப் பெரும் இடம் உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் வைத்து விண்ணப்பதாரரை முழுமையாக மதிப்பிடுவது போன்ற முறை இங்கு பொதுவிதியன்று. எனினும் அந்த எண் எவ்வாறு உருவாகிறது, அதனுடன் எவை சேர்க்கப்படுகின்றன, எந்தப் படிப்புகளுக்கு அது மட்டும் போதாது என்பவற்றை அறியாமையால், தகுதியுள்ள பிள்ளைகள் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடங்களை ஆண்டுதோறும் இழக்கின்றனர்.

ஏடார் என்பது மதிப்பெண் அன்று

எச்.எஸ்.சி. பரீட்சை முடிந்தபின் மாணவருக்கு இருவகைப் பெறுபேறுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற எச்.எஸ்.சி. மதிப்பெண் ஒன்று. அதில் பாதி பாடசாலை மதிப்பீட்டிலிருந்தும் மறுபாதி பொதுப் பரீட்சையிலிருந்தும் வருகிறது. மற்றையது ஏடார் எனப்படும் தரவரிசை. இதனைக் கணிப்பது பரீட்சையை நடத்தும் கல்வி அதிகாரசபை அன்று. பல்கலைக்கழக அனுமதி மையமாகிய யூஏசி ஆகும்.

ஏடார் 0.00 முதல் 99.95 வரை, 0.05 இடைவெளியில் அமைகிறது. ஒரு மாணவரின் ஏடார் 80.00 என்றால் அவர் நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற்றார் என்பது பொருளன்று. தம் வயதுக் குழுவினருள் எண்பது விழுக்காட்டினரைவிட முன்னிலையில் நிற்கிறார் என்பதே பொருள். வயதுக் குழு என்பது பன்னிரண்டாம் ஆண்டுவரை வந்தோரை மட்டுமன்றி, இடையில் பாடசாலையை விட்டு விலகியோரையும் கருத்திற்கொள்கிறது. ஆகையால் ஏடார் பெறும் மாணவரின் நடுநிலை 50 அன்று, ஏறத்தாழ 70 ஆகும். 72 பெற்ற பிள்ளையைப் பார்த்து "பாஸ் மார்க்குக்குச் சற்று மேல்" என்று எண்ணும் பெற்றோர் அந்த எண்ணைத் தவறாகவே வாசிக்கின்றனர்.

கணிப்புக்குப் பத்து அலகுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆங்கிலத்தில் சிறந்த இரண்டு அலகுகள் கட்டாயம் சேரும். ஏனைய பாடங்களிலிருந்து சிறந்த எட்டு அலகுகள் சேரும். கணிதத்திலும் பௌதிகத்திலும் வல்லவரான பிள்ளைக்கும் ஆங்கிலத்திலிருந்து தப்ப வழியில்லை. வாசிப்புப் பழக்கத்தைப் பத்தாம் வகுப்பில் கைவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தனிவகுப்புத் தேடும் குடும்பங்கள் இதனை முன்பே அறிந்திருந்தால் நன்று.

"தரப்படுத்தல்" என்ற சொல்லின் நிழல்

பாட மதிப்பெண்கள் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை; முதலில் அவை 'ஸ்கேலிங்' எனப்படும் அளவீட்டு மாற்றத்துக்கு உட்படுகின்றன. தமிழில் இதனைத் தரப்படுத்தல் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தின் மூத்த தலைமுறையினருக்கு உடனே கசப்பான நினைவுகள் எழும். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பயிற்றுமொழியின் அடிப்படையில் மதிப்பெண்கள் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அதிக மதிப்பெண் பெற்ற தமிழ் மாணவர் பலர் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அதன் விளைவுகள் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. அந்த அனுபவம் உள்ள ஒருவர் இங்கும் மதிப்பெண் மாற்றப்படுகிறது என்று கேட்டதும் ஐயுறுவது இயல்பே.

ஆனால் இங்கு நிகழ்வது வேறு. மாணவரின் மொழி, இனம், வாழும் மாவட்டம் எதுவும் இக்கணிப்பில் நுழைவதில்லை. ஒரு பாடத்தை எடுத்த மாணவர் அனைவரும் தம் ஏனைய பாடங்களில் எந்த அளவுக்குத் திறமை காட்டினர் என்று பார்க்கப்படுகிறது. வலுவான மாணவர் கூடும் பாடத்தில் நடுவில் நிற்பது, அவ்வாறில்லாத பாடத்தில் நடுவில் நிற்பதைவிடக் கடினம். அந்த வேறுபாட்டைச் சமன்செய்வதே நோக்கம். ஒரே பாடத்தை எடுத்த மாணவரிடையே உள்ள வரிசை இதனால் மாறுவதில்லை. கணிப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்யப்படுகிறது. எந்தப் பாடத்துக்கும் நிலையான கூட்டலோ கழித்தலோ இல்லை.

இதிலிருந்து தவறான முடிவொன்று நம்மிடையே பரவியிருக்கிறது: உயர்ந்து அளக்கப்படும் பாடங்களாகத் தேடி எடுத்தால் ஏடார் உயரும் என்பது. விரிவுநிலைக் கணிதம் 2 பொதுவாக உயர்வாகவே அளவிடப்படுகிறது. ஆயினும் அப்பாடத்தில் கடைசி வரிசையில் நிற்கும் மாணவருக்கு அந்த உயர்வால் பெரும்பயன் இல்லை. அதற்காக அவர் செலவிட்ட மணிநேரங்கள் ஏனைய பாடங்களையும் கீழே இழுத்துவிடும். எச்.எஸ்.சி.யில் தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கலாமா என்ற வினாவும் இதனோடு சேர்ந்ததே. தமிழ் இரண்டு அலகுப் பாடமாக ஏடாருக்குக் கணிக்கப்படுகிறது. வார இறுதி வகுப்புகளில் ஊன்றிக் கற்று, எழுத்திலும் பேச்சிலும் தேர்ந்த மாணவருக்கு அது நல்ல தெரிவு. வீட்டில் பேசுகிறோமே என்ற தெம்பில் மட்டும் எடுப்போருக்கு அவ்வாறு சொல்ல இயலாது.

தெரிவுத் தரவரிசை

பல்கலைக்கழகங்கள் இடம் வழங்குவது வெறும் ஏடாரைப் பார்த்து அன்று. ஏடாருடன் சரிசெய்தல் புள்ளிகளைக் கூட்டிவரும் தெரிவுத் தரவரிசையைப் பார்த்தே. இப்புள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், படிப்புக்குப் படிப்பு வேறுபடும். சில, குறிப்பிட்ட பாடங்களில் சிறந்த பெறுபேற்றுக்காகக் கிடைப்பவை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் எச்.எஸ்.சி. பிளஸ் திட்டம் சில படிப்புகள் நீங்கலாக ஐந்து புள்ளிகள் வரை வழங்குவது இவ்வகையானது. வேறு சில, வாழும் இடத்துக்காகவோ படித்த பாடசாலைக்காகவோ கிடைப்பவை.

எனவே ஒரு படிப்புக்குச் சென்ற ஆண்டின் மிகக்குறைந்த தெரிவுத் தரவரிசை 90 என்றிருந்தால், ஏடார் 90 இல்லாதோர் எவரும் அங்கு சேரவில்லை என்று கொள்ளக்கூடாது. அந்த எண் படிப்பின் தரத்தைக் காட்டும் அளவுகோலும் அன்று. இடங்கள் குறைவாகவும் விரும்புவோர் அதிகமாகவும் இருந்தால் எண் உயரும், அவ்வளவே. "99 எடுத்துவிட்டு 85க்குக் கிடைக்கும் படிப்பில் சேர்ந்து ஏடாரை வீணாக்கலாமா?" என்று உறவினர் கேட்பதுண்டு. ஏடார் செலவழிக்க வேண்டிய பணம் அன்று. ஆசிரியராக விரும்பும் பிள்ளை 99 எடுத்தாலும் ஆசிரியராகலாம். அந்தப் பிள்ளையின் மாணவர் பேறுபெற்றோர்.

சொல்லத் தயங்கும் செய்திகள்

சரிசெய்தல் புள்ளிகளுள் மிகுந்த பயனுடையதும், தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடுவதும் கல்வி அணுகல் திட்டத்தின் வழி வருபவையே. பதினொன்றாம், பன்னிரண்டாம் ஆண்டுகளில் மாணவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் படிப்புப் பாதிக்கப்பட்டிருந்தால், யூஏசி வழியாக இதற்கு விண்ணப்பிக்கலாம். பொருளாதார நெருக்கடி, நோய் அல்லது இயலாமை, குடும்பத்தில் மரணம் அல்லது பிரிவு, வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு, பாடசாலை மாற்றம், அகதிநிலை, அண்மையில் வந்தோரின் ஆங்கிலச் சிரமம் என்பன ஏற்கப்படும் காரணங்களுள் அடங்கும்.

இங்கேதான் தயக்கம் எழுகிறது. தந்தைக்கு வேலை போனது, தாய் மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வது, பெற்றோர் பிரிந்து வாழ்வது, நோயுற்ற பாட்டியை இரவில் கவனிப்பது பேத்தியே என்பது போன்றவை "வீட்டு விஷயம்" எனப் பூட்டி வைக்கப்படுகின்றன. அயலார் அறிந்தால் என்ன நினைப்பரோ என்ற அச்சமும், இரக்கத்தால் கிடைக்கும் இடம் எதற்கு என்ற தன்மானமும் இதில் கலந்துள்ளன. இரண்டும் புரிந்துகொள்ளத்தக்கவை. ஆயினும் இவ்விண்ணப்பத்தில் எழுதுவது அயலாருக்கோ வகுப்புத் தோழருக்கோ போவதில்லை. பல்கலைக்கழகம் தருவது இரக்கமும் அன்று. இரவு பதினொரு மணிவரை பாட்டியின் அருகிலிருந்து, பின்பு புத்தகத்தைத் திறந்த மாணவி எடுத்த 86, தனியறையும் தனியாசிரியரும் உள்ள மாணவர் எடுத்த 90க்குக் குறைந்த திறமையைக் காட்டவில்லை என்ற கணக்கே அங்கு போடப்படுகிறது.

விண்ணப்பத்துக்குச் சான்றுகள் வேண்டும். மாணவரின் கூற்றோடு, பாதிப்பு எவ்வாறு படிப்பில் தெரிந்தது என்பதைப் பாடசாலையும் எழுத்தில் உறுதிசெய்ய நேரும். ஆண்டு முழுவதும் ஆசிரியரிடம் ஒரு சொல்லும் சொல்லாத மாணவருக்காக ஆசிரியர் ஒக்டோபரில் என்ன எழுத முடியும்? இக்காரணத்தால், இடர் நேர்ந்த காலத்திலேயே ஆண்டு ஆலோசகரிடமோ தொழில்வழிகாட்டல் ஆசிரியரிடமோ தெரிவித்து வைப்பது அறிவுடைமை. பரீட்சை நாளன்று நேரும் நோய், விபத்து முதலியவற்றுக்கு இத்திட்டம் உரியதன்று. அதற்குப் பாடசாலை வழியாகக் கல்வி அதிகாரசபைக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கேட்வே போன்ற நுழைவுவழிகள், வசதி குறைந்த பகுதிகளையும் பாடசாலைகளையும் சேர்ந்த மாணவருக்கு வேறாக உள்ளன. தம் பாடசாலை அப்பட்டியலில் உள்ளதா என்று கேட்பதற்குச் செலவொன்றுமில்லை.

எண்ணைத் தாண்டிக் கேட்கும் இடங்கள்

மருத்துவமே முதன்மையான எடுத்துக்காட்டு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகம், நியூகாசில், நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் மருத்துவப் படிப்பு ஆகிய மூன்றும் பாடசாலை முடித்தோரிடம் ஏடாருடன் யூகேட் தேர்வையும் நேர்முகத்தையும் கேட்கின்றன. யூகேட் 2019ஆம் ஆண்டில் பழைய யூமேட் தேர்வின் இடத்துக்கு வந்தது. இப்போது அது மொழிவழிச் சிந்தனை, முடிவெடுத்தல், எண்வழிச் சிந்தனை, சூழ்நிலை மதிப்பீடு என நான்கு பகுதிகளைக் கொண்டது. அறிவியல் பாட அறிவு சோதிக்கப்படுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையே எழுதலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் இத்தேர்வுக்குப் பதிவு மே மாதத்தில் முடிந்துவிடும். எச்.எஸ்.சி. பெறுபேறு வந்த பின்னர் மருத்துவத்துக்கு முயலலாம் என்று எண்ணியிருப்போர் அந்த ஆண்டை இழக்கின்றனர். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு யூஏசி விண்ணப்பத்தோடு நேரடி விண்ணப்பமும் தேவை.

மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகம் பெருமேற்குச் சிட்னியில் வாழ்வோருக்கு ஏடார் தகைமையைச் சற்றுத் தாழ்த்தி வைத்துள்ளது. ஹரிஸ் பார்க்வாசிகள் அவ்வெல்லைக்குள் அடங்குவர். இப்பகுதியில் பயின்றோர் இப்பகுதியிலேயே மருத்துவராகத் தொண்டாற்றுவர் என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

நேர்முகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அது பல சிறு நேர்முகங்களின் தொடராக அமைகிறது. ஒவ்வொன்றிலும் வேறொருவர், வேறொரு சூழ்நிலை. இத்தகைய நேர்முகங்களில் பார்க்கப்படுவது பிறர் நிலையை உணரும் தன்மை, தெளிவாகப் பேசும் திறன், இரு நியாயங்கள் மோதும்போது எடைபோடும் முறை முதலியன. மனப்பாடமான விடைகள் எளிதில் வெளிப்பட்டுவிடும். பெரியோர் பேசும்போது குறுக்கிடாதே, கேட்டால் மட்டும் சொல் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இங்கு தடுமாறுவதுண்டு. அறிமுகமற்ற மூத்தவர் ஒருவரின் முகத்தைப் பார்த்து, "உங்கள் கருத்தை நான் இவ்வாறு பார்க்கிறேன்" என்று பணிவோடு மறுத்துரைக்கும் பழக்கம் ஒரு மாதப் பயிற்சி வகுப்பில் வருவதன்று. சாப்பாட்டு மேசையில், அப்பாவின் கருத்தை மகள் மறுத்துப் பேச இடமுள்ள வீட்டில் அது தானே வரும்.

மருத்துவத்துக்கு வெளியிலும் எண்ணுக்கு அப்பால் கேட்கும் வழிகள் உள. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு அனுமதி முதல் கல்விசாரா ஈடுபாட்டையும் சேவையையும் ஒரு தேவையாகச் சேர்த்தது. மக்குவாரி பல்கலைக்கழகம் தலைமைப் பண்பும் சமூகப் பணியும் உடையோருக்கென முன்கூட்டிய நுழைவுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சில துறைகளுக்குத் தொகுப்புநூல் வழி விண்ணப்பிக்கலாம். தொழில்துறையோடு இணைந்த அதன் கோ-ஓப் புலமைப்பரிசிலுக்கு எழுத்து விண்ணப்பமும் நேர்முகமும் உண்டு. மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் எச்.எஸ்.சி. ட்ரூ ரிவோர்ட் திட்டமோ ஏடாரை விட்டுவிட்டுத் தொடர்புடைய பாடங்களின் பெறுபேற்றையே பார்க்கிறது. யூஏசி நடத்தும் பாடசாலைப் பரிந்துரைத் திட்டமும் பெறுபேறு வெளிவருமுன் இடம் பெற ஒரு வழியாகும்.

இவ்விண்ணப்பங்களில் சான்றிதழ்களை அடுக்குவது நம்மவரின் வழக்கம்: நாவன்மைப் போட்டியில் மூன்றாமிடம், கராத்தே, கீபோர்ட், ஒரு நாள் மரநடுகை. வாசிப்போர் தேடுவது எண்ணிக்கையை அன்று. தமிழ்ப் பாடசாலையில் மூன்று ஆண்டுகள் சிறுவர் வகுப்புக்கு உதவியாசிரியராக இருந்த மாணவர், எழுத மறுத்த ஒரு குழந்தையை எவ்வாறு எழுத வைத்தார் என்பதைப் பத்து வரியில் சொன்னால் அது பட்டியலை விஞ்சும். விக்ரம் தெரு உணவகமொன்றில் வார இறுதியில் மேசை துடைத்த வேலையையும் மறைக்க வேண்டியதில்லை. நேரந்தவறாமை, கோபமுற்ற வாடிக்கையாளரைச் சமாளித்தல், பெற்ற ஊதியத்தை வீட்டுச் செலவுக்குத் தருதல் ஆகியவை பொறுப்பின் சான்றுகளே. எழுதுவது மாணவரின் சொந்த நடையில் இருத்தல் வேண்டும். பெற்றோரோ கட்டணம் பெறும் முகவரோ எழுதிய கூற்று நேர்முகத்தில் நிற்காது.

விருப்ப வரிசை

யூஏசி விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை விருப்ப வரிசையில் இடலாம். ஒரு சுற்றில் ஓர் இடமே வழங்கப்படும்: மாணவர் தகுதிபெறும் படிப்புகளுள் வரிசையில் எது மேலே உள்ளதோ அது. முதல் விருப்பமாக இட்டோருக்குப் பல்கலைக்கழகம் சலுகை தருவதில்லை. ஐந்தாவதாக இட்டோரைத் தாழ்த்துவதும் இல்லை.

ஒரு மாணவி மிக விரும்பும் படிப்பின் சென்ற ஆண்டு மிகக்குறைந்த தெரிவுத் தரவரிசை 95 என்று கொள்வோம். அவரது ஏடார் 91.50. கிடைக்காத படிப்பை மேலே இட்டு இடத்தை வீணாக்காதே என்று ஒருவர் அறிவுரை கூற, 90க்குக் கிடைக்கும் படிப்பை அவர் முதலில் இடுகிறார். அவருக்கு அப்படிப்பே கிடைக்கும். ஆனால் விரும்பிய படிப்புக்கு அவருக்கு நான்கு சரிசெய்தல் புள்ளிகள் உரியனவாக இருந்திருந்தால் அவரது தெரிவுத் தரவரிசை 95.50. அப்படிப்பை முதலில் இட்டிருந்தால் அதுவே கிடைத்திருக்கும். கிடைக்காவிடினும் இரண்டாவதாக இட்ட 90க்குரிய படிப்பு கைவிட்டுப் போயிருக்காது. ஆகவே மிக விரும்புவது மேலே, உறுதியாகக் கிடைப்பது கீழே. டிசம்பரில் ஏடார் வந்தபின்னும், அடுத்த சுற்றின் இறுதி நாள்வரை வரிசையை மாற்றலாம்.

வீசாவும் கட்டணமும்

அனுமதி கிடைத்தபின் சில குடும்பங்கள் திகைத்து நிற்பது இவ்விடத்தில். ஆஸ்திரேலியக் குடியுரிமை உடையோர் அரச ஆதரவு இடத்தில் சேர்ந்து, கட்டணத்தை ஹெக்ஸ் கடனாக ஒத்திவைக்கலாம். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உடையோருக்கும் அரச ஆதரவு இடம் உண்டு. ஆனால் பொதுவாகத் தம் பங்குக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். நிரந்தர மனிதாபிமான வீசா உடையோர் கடனுதவி பெறலாம். தற்காலிக வீசாக்களிலும் இணைப்பு வீசாக்களிலும் இருப்போரிடம் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்கப்படுகிறது. இந்நாட்டிலேயே எழுதப் படிக்கக் கற்று, இங்கேயே எச்.எஸ்.சி. எழுதிய தமிழ்ப் பிள்ளைகளும் இவர்களுள் உள்ளனர். இது அவர்தம் தகுதியைப் பற்றிய தீர்ப்பன்று. புகலிடம் கோருவோருக்கென்றே புலமைப்பரிசில் வழங்கும் பல்கலைக்கழகங்கள் சில உள்ளன. மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. பதினொன்றாம் ஆண்டிலேயே அவற்றை விசாரிக்கத் தொடங்குவது நன்று. குடியுரிமைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் பிள்ளை பன்னிரண்டாம் ஆண்டை அடையுமுன் அதனை முடித்துக்கொள்ளலாம்.

எதிர்பார்த்த எண் வராதோருக்கும் வழிகள் உள. டேஃப் டிப்ளோமாவோ, மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியோ, வேறொரு படிப்பின் முதலாண்டோ முடித்து மாறிச் செல்வது இங்கு இயல்பான செயல். அப்போது பெரும்பாலும் பார்க்கப்படுவது பல்கலைக்கழகப் பெறுபேறே; ஏடார் மெல்லப் பின்னுக்குச் சென்றுவிடும்.

யூஏசி விண்ணப்பங்கள் ஏப்ரலில் தொடங்குகின்றன. செப்டெம்பர் இறுதிக்குள் விண்ணப்பித்தால் குறைந்த கட்டணம். கல்வி அணுகல் திட்டத்துக்கும் பாடசாலைப் பரிந்துரைத் திட்டத்துக்கும் தனித்தனி இறுதி நாள்கள் உண்டு. நாள்களும் தகைமை எண்களும் ஆண்டுதோறும் மாறுவதால் யூஏசியின் இணையத்தளத்திலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்திலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாடசாலையுடனோ யூஏசியுடனோ தமிழில் பேச விரும்பும் பெற்றோர் மொழிபெயர்ப்பு உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைக்கலாம். வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாத மாணவர், ஹரிஸ் பார்க்கிலிருந்து ஒரே ஒரு தொடர்வண்டி நிலையத் தொலைவில் பரமட்டா சதுக்கத்திலுள்ள ஃபைவ் கட்டடத்தின் நகரசபை நூலகத்தைப் பயன்படுத்தலாம்.